ஹெரால்டுக்கு முன் கண்ணாடி போட்ட கதை

சங்கக் கூட்டங்களில் சந்திக்கும் அன்பர்கள் பலரும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ரிட்டயர் ஆகிவிட்டீர்களே, பொழுது எப்படிப் போகிறது?" என்பதுதான் அது. பொன்னுருன்னி வரை காலை நடை, பேரப்பிள்ளைகள், பத்திரிகை என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். சென்ற ஆண்டு ஆடி, ஆவணி மாதங்கள் போன விதத்தை மட்டும் யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. அந்த இரண்டு மாதமும் ஒரு பழைய காருக்கு முன் கண்ணாடி மாற்றுவதில் கழிந்தன. ஒரு கண்ணாடிக்கு இரண்டு மாதமா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைட்டிலாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு மலையாளி நண்பர் வசிக்கிறார். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவரை நான் 'சேட்டா' என்று அழைப்பேன். அவருக்கு நான் 'சாரே'. அவர் வீட்டுக் கொட்டகையில் வான நீல நிறத்தில் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று நிற்கிறது. அவருடைய தகப்பனார் 1966இல் புதிதாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைத்து, குண்டன்னூர் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு காலை, மழை விட்டிருந்த நேரம். போன சேட்டன் வழக்கத்துக்கு மாறாக நடந்து திரும்பி வந்தார். சட்டைப் பையிலும் காலரிலும் கற்கண்டுத் துண்டுகள் போலக் கண்ணாடித் துணுக்குகள். பைபாஸில் முன்னே போன டிப்பர் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்திருக்கிறது. "ஒற்றைக் கல் சாரே. ஒரு நொடியில் முழுக்க வெளுத்துப் போயிற்று. ஒன்றும் தெரியவில்லை" என்றார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்ததால் ஓரம்கட்ட முடிந்தது.

அவர் மகளுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். தாத்தாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று அந்தப் பெண் சிறுவயதிலிருந்தே சொல்லி வந்தவள். "இதென்ன பெரிய விஷயம், ஒரே நாளில் போட்டுவிடலாம்" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள், பொன்மலைப் பணிமனையில் தொடங்கி எர்ணாகுளத்தில் முடித்தவன் அல்லவா! எத்தனை ரயில் பெட்டி ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாற்றியிருப்பேன் என்ற எண்ணம்.

மதராஸில் பிறந்த வண்டி

நம் பிள்ளைகளுக்கு ஹெரால்டு என்றால் தெரியாது. 1960களில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே வகைதான். கல்கத்தாப் பக்கத்து அம்பாஸடர், பம்பாய் ஃபியட், நம் மதராஸ் ஹெரால்டு. தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலையில் 1961 முதல் அது தயாரானது. 1980களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. இன்று அந்தப் பக்கம் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த காரின் நம்மூர்ப் பதிப்பு இது. உருவம் அமைத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. கூட்டையும் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பானெட்டைத் திறந்தால் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். 948 சி.சி. எஞ்சின். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அக்ரஹாரத் தெருவிலும் அலுங்காமல் திருப்பலாம் என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியின் கைவண்ணத்தில் 1962இல் வெளிவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் வண்டி அது. ஆகவே ஹெரால்டை ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறந்த அண்ணன் என்று சொன்னால் தவறில்லை. சோழவரம் பந்தயங்களில் நம் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. இங்கிலாந்தில் இவ்வண்டிகளை வைத்திருப்போர் ஏராளமாக இருப்பதால் ரப்பர், புஷ், கேஸ்கட் போன்றவை அங்கே இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. சேட்டனின் தம்பி மகன் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கண்ணாடியைச் சுற்றி வரும் பீடிங் ரப்பரைப் பெட்டியில் சுருட்டி வைத்தே கொண்டுவந்துவிட்டான். ஆனால் நாலடி அகலமுள்ள வளைந்த கண்ணாடியைப் பெட்டியில் சுருட்ட முடியுமா? கப்பலிலோ விமானத்திலோ தனியாக வரவழைக்கலாம் என்றால் பெட்டி அடைப்பு, கட்டணம், சுங்கம் எல்லாம் கொடுத்தபின் அது முழுதாக வந்து சேரும் என்ற உறுதி இல்லை.

எர்ணாகுளத்தில் நான் விசாரித்த கடைகளில் எல்லாம் ஒரே பதில்தான். "மாருதிக்கு வேண்டுமா, உடனே தருகிறோம். ஹெரால்டா? அப்பச்சன் காலத்து வண்டி!"

இரண்டு வகைக் கண்ணாடி

இந்த இடத்தில் அன்பர்களுக்குக் கொஞ்சம் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காருக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு வகைப்படும். ஒன்று டஃபன்டு, மற்றது லாமினேட்டட்.

டஃபன்டு கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உடனே இருபுறமும் காற்றை வேகமாக ஊதிக் குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும்; உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்டவாளத்தின் அடியில் இருக்கும் கான்கிரீட் ஸ்லீப்பரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டை முன்கூட்டியே அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் அது அத்தனை ரயில்களைத் தாங்குகிறது. டஃபன்டு கண்ணாடியும் அதே தத்துவம்தான். சாதாரணக் கண்ணாடியைவிடப் பலமடங்கு வலுவானது. ஆனால் கூர்மையான கல் ஒன்று அந்த இறுகிய தோலைத் துளைத்துவிட்டால் உள்ளே அடைபட்ட விசை முழுவதும் ஒரே நொடியில் வெளிப்படும். கண்ணாடி முழுவதும் பொரிப்பொரியாக உடைந்து வெளுத்துவிடும். இந்த வகைக் கண்ணாடியைச் செய்து முடித்தபின் வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது.

லாமினேட்டட் என்பது இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. இது பிறந்த கதை சுவையானது. 1903இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்ததாம். உடைந்தும் உதிராமல் உருவம் மாறாமல் கிடந்தது. முன்பு அதில் வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து உட்புறம் படலமாகப் படிந்திருந்ததே காரணம். 1909இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துப் படலம் வெயிலில் பழுப்பேறிவிடும். 1930களின் இறுதியில் பி.வி.பி. என்ற புதிய படலம் வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. இவ்வகைக் கண்ணாடியில் கல் பட்டால் பட்ட இடத்தில் சிலந்தி வலை போல விரியும். மற்ற இடத்தில் பார்வை மறையாது. உடைந்த துண்டுகளும் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி கண்ணாடி பற்றியது. கார்களின் முன் கண்ணாடி லாமினேட்டட் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சேட்டனின் வண்டி அந்த விதிக்கு மிகவும் முந்தியது. அதிலிருந்தது டஃபன்டு.

புதுப்பேட்டைக் கண்ணாடி

பழைய வண்டிச் சாமான் என்றால் சென்னைப் புதுப்பேட்டைக்கு ஈடு ஏது? விசாரித்த பத்தாம் நாள் அங்கிருந்து சேட்டனுக்குத் தொலைபேசி வந்தது. ஒரு கடையின் பரணில், வைக்கோல் சுற்றிய பழைய மரச்சட்டத்துக்குள் ஹெரால்டின் முன் கண்ணாடி ஒன்று, ஒருமுறைகூட மாட்டப்படாமல் இருக்கிறதாம். மூலையில் அந்தக் காலத்து முத்திரையும் அழியாமல் இருக்கிறதாம். இருவரும் அன்றிரவே ரயில் ஏறினோம். திரும்பும்போது கீழ் பெர்த்துக்கு அடியில் இரண்டு கம்பளி விரித்து அதைப் படுக்க வைத்தோம். சேட்டன் இரவு முழுவதும் கண்ணயரவில்லை. பாலக்காட்டில் காப்பி வாங்க இறங்கும்போதுகூட "சாரே, காலைப் பார்த்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வீட்டு வாசலில் மரச்சட்டத்தைப் பிரித்ததும் அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். தகப்பனாரின் வண்டியில் இருந்த அதே முத்திரை. பழைய கார்களின் அணிவகுப்புகளில் பரிசுக்குப் பார்வையிடுபவர்கள் இதையெல்லாம் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். "இனி என்ன சாரே, நாளைக்கே மாட்டிவிடலாம்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அதுவும் டஃபன்டு. எனக்கு என் பெரியக்காவின் நினைவு வந்துவிட்டது.

1974ஆம் ஆண்டு. எனக்குப் பதினைந்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. சங்கரன்கோவிலிலிருந்து குடும்பத்தோடு வாடகை வண்டி ஒன்றில் திருச்செந்தூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முருகனுக்கு ஒரு பிரார்த்தனை. அவள் முன் இருக்கையில் அப்பாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்த லாரி கடந்ததும் 'பட்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்தது. டிரைவர் பார்வைக்கு வழி செய்ய முஷ்டியால் ஓங்கிக் குத்தினார். அந்த வேகத்தில் காற்று உள்ளே புகுந்து, துணுக்குகள் எல்லாம் எங்கள் முகத்தில் வந்து கொட்டின. வண்டி சாலையை விட்டு இறங்கி ஒரு பனைமரத்தில் உரசி நின்றது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகளோடு போயிற்று. அக்காவின் இடது கண்ணில் ஒரு துணுக்கு. மதுரைவரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை. நிச்சயித்த கல்யாணம் நின்றது. பிறகு அவள் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குப் போய், ஆறு வருடம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. அன்று முதல் எந்த வண்டியிலும் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

டஃபன்டு கண்ணாடியின் துணுக்குகள் மொண்ணையானவை, கத்தி போல் கீறாதவை என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். உண்மைதான். ஆனால் வேகத்தில் வந்து கண்ணில் படும்போது மொண்ணை என்ன, கூர் என்ன?

இதைச் சேட்டனிடம் அன்று மாலை சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "சாரே, இத்தனை நாள் அச்சன் இதே மாதிரிக் கண்ணாடியோடுதானே ஓட்டினார்?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம் சேட்டா. இத்தனை நாள் கல் படவில்லை" என்றேன்.

மறுநாள் காலை அவரே வந்தார். முதலில் கேட்டது, "சேச்சிக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்றுதான். நலமாக இருக்கிறாள், ஓய்வூதியம் வாங்குகிறாள் என்றேன். பிறகு, "ஆ சில்லு வேண்டா சாரே" என்றார். மலையாளத்தில் கண்ணாடிக்கே சில்லு என்றுதான் பெயர். நமக்கோ சில்லு என்றால் உடைந்த துண்டு. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அந்தச் சொல் அன்றுதான் என்னை அப்படித் தைத்தது.

அச்சுக்குப் போன கண்ணாடி

புதுப்பேட்டைக் கண்ணாடி வீணாகவில்லை. புதுக் கண்ணாடி செய்ய அளவு வேண்டுமே! பழைய கண்ணாடி தூளாகிவிட்டதால் வளைவை அளக்க வேறு வழியில்லை. கரூரில் பேருந்துகளுக்குக் கூடு கட்டும் தொழில் பெரிய அளவில் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பேருந்துகளுக்கு முன் கண்ணாடி செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாக என் பழைய சகா ஒருவர் சொன்னார். ஐ.எஸ்.ஐ. முத்திரை உரிமம் பெற்ற பட்டறை. அங்கே இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய் இறக்கினோம்.

அவர்கள் வேலை செய்த விதத்தைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. முதலில் நம் கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப இரும்பில் ஒரு சட்டம் செய்தார்கள். தட்டைக் கண்ணாடி இரண்டை ஒரே அளவில் வெட்டி, ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவே மாவு போன்ற பொடி தூவி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டத்தின்மேல் வைத்து உலைக்குள் அனுப்பினார்கள். 600 டிகிரிச் சூட்டில் கண்ணாடி இளகி, தன் எடையினாலேயே மெல்லத் தொய்ந்து சட்டத்தின் வளைவில் படிகிறது. யாரும் அழுத்துவதில்லை. இரண்டையும் ஒன்றாக வளைப்பதால்தான் பிறகு இடைவெளி இல்லாமல் பொருந்துகின்றன. நிதானமாகக் குளிரவிட்டு, கழுவி, நடுவே முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள படலத்தை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆட்டோகிளேவ் என்னும் பெரிய அழுத்தக் கலத்துக்குள் வைக்கிறார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 140 டிகிரிச் சூடு, காற்றழுத்தத்தைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு அழுத்தம். உள்ளே போகும்போது பால் போல மங்கலாக இருக்கும் படலம், வெளியே வரும்போது இருக்கிற இடம் தெரியாது.

"செலவு அச்சுக்குத்தான் ஐயா. கண்ணாடி ரெண்டாப் போட்டுக்குங்க. ஒண்ணு கைகாவலுக்கு இருக்கட்டும்" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. எனக்கு அது வியாபாரப் பேச்சாகத் தோன்றியது. சேட்டன் மறு பேச்சில்லாமல் சரி என்றார். அவர் சரி என்றது எவ்வளவு நல்லதாயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் தவறு

இதற்குள் இங்கே வண்டியில் சட்ட வேலை நடந்தது. பழைய பீடிங்கைக் கத்தியால் அறுத்து எடுத்ததும் கண்ட காட்சி மனதை வாட்டியது. கொச்சியின் உப்புக் காற்றும் மழையும் ஐம்பது வருடமாக அந்த ரப்பருக்கு அடியில் வேலை செய்திருக்கின்றன. கீழ் மூலைகள் இரண்டிலும் தகடு அப்பளமாகப் பொரிந்திருந்தது. டிங்கர் ஒருவரை அழைத்து, அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தோம். மீதியை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, துரு நீக்கும் அமிலம் தடவி, கழுவிக் காயவைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்தோம். ஆவணி பிறந்துவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்.

கண்ணாடி மாட்டும் முறை இதுதான். பீடிங் ரப்பரில் இரண்டு பள்ளம் இருக்கும். ஒன்றில் கண்ணாடியின் ஓரம் உட்காரும். மற்றொன்று காரின் தகட்டு விளிம்பைக் கவ்வும். முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். பிறகு தகட்டைக் கவ்வ வேண்டிய பள்ளத்துக்குள் நாலைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிற்றைச் சுற்றிலும் செலுத்தி, இரண்டு நுனிகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி வெளியே தொங்கும்படி விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும்; கிரீஸோ எண்ணெயோ கூடவே கூடாது, ரப்பரைத் தின்றுவிடும். கண்ணாடியை வெளியிலிருந்து சட்டத்தில் பொருத்தி, ஒருவர் உள்ளங்கையால் அழுத்திக் கொடுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். கயிறு வெளியே வரவர ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி உட்காரும். வெளியே அழுத்துகிற கை, உள்ளே கயிறு வரும் இடத்தோடு கூடவே நகர வேண்டும்.

ஞாயிறு காலை நான் உள்ளே, சேட்டன் வெளியே. கீழ் விளிம்பு அழகாக உட்கார்ந்தது. வலது மூலையில் டிங்கர் பற்றவைத்த இடத்தில் ஒரு சிறு மேடு இருந்ததை நான் முன்பே விரலால் உணர்ந்திருந்தேன். கொத்தமல்லி விதை அளவுதான். அதை அரத்தால் ராவ வேண்டும் என்று அறிவு சொன்னது. ரப்பர் விழுங்கிவிடும் என்று அவசரம் சொன்னது. அவசரத்தின் பேச்சைக் கேட்டேன். மூலையில் கயிறு கொஞ்சம் முரண்டு பிடித்தது. "சேட்டா, சற்று பலமாக" என்றேன். 'டக்' என்று ஒரு சத்தம். மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து, கண்ணாடியின் நடுவரை ஓடி நின்றது.

முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களின் வேலையில் குறை கண்டு எழுதிக் கொடுத்தவன் நான். அன்று அந்தக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு என் குறையை நானே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. லாமினேட்டட் கண்ணாடி டஃபன்டு அளவுக்கு அழுத்தத்தைத் தாங்காது. ஒரே புள்ளியில் பாரம் விழுந்தால் விரிசல் விடும். இது எனக்குத் தெரியாததல்ல.

வெளியே இறங்கவே கூசியது. சேட்டன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. விரிசல்மேல் கையை வைத்து அழுத்தினார்; பிறகு முஷ்டியால் தட்டிப் பார்த்தார். ஒரு துணுக்குகூட உதிரவில்லை. "சாரே, இது உடைந்தும் விழவில்லை, கண்டோ?" என்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ, உண்மையாகவே வியந்து சொன்னாரோ, எனக்குத் தெரியாது. கைகாவலுக்கு இரண்டாவது கண்ணாடி இருந்ததால் பிழைத்தேன். மேஸ்திரியின் பேச்சை வியாபாரம் என்று நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஒரு வாரம் கண்ணாடியைத் தொடவே இல்லை. அந்த மேட்டை அரத்தால் ராவி, விளிம்பு முழுவதும் இரும்பு அளவுகோல் வைத்துப் பார்த்து, ராவிய இடத்தில் மறுபடி வண்ணம் அடித்தேன். பிறகு பழைய பீடிங்கை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, சட்டத்தில் எட்டு இடத்தில் வைத்து, கயிறு இல்லாமல் கண்ணாடியைச் சும்மா பொருத்திப் பார்த்தோம். சுற்றிலும் இடைவெளி ஒன்றாக இருந்தது. புது ரப்பரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு இளக வைத்தோம். அடுத்த ஞாயிறு கயிற்றை ஒரு தடவைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் இழுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். முரண்டு பிடித்த இடத்தில் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் தட்டிக் கொடுத்துக் காத்திருந்தோம். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கடைசி நுனி வெளியே வந்தபோது சேட்டன் ஓடிப்போய் எனக்குச் சாயா கொண்டுவந்தார். வெளி உதட்டுக்கு அடியில் இறுகாத வகை சீலன்ட் விட்டு, பளபளக்கும் பட்டையை ரப்பரின் நெற்றிப் பள்ளத்தில் செருகி, ஹோஸ் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சினோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

கல்யாணத்துக்கு அக்காவும் வந்திருந்தாள். சேட்டனே தொலைபேசியில் அழைத்திருந்தார். மறுநாள் காலை, "சேச்சி, ஒரு ரவுண்டு போகலாம்" என்று அவர் முன்கதவைத் திறந்து நின்றார். அவள் என்னைப் பார்த்தாள். "இது உதிராதேடா?" என்றாள். "உதிராதுக்கா. ஒன்றை நானே உடைத்துப் பார்த்துவிட்டேன்" என்றேன். ஏறி உட்கார்ந்தாள். ஐம்பது வருடம் கழித்து முன் இருக்கையில். மொபிலிட்டி ஹப் வரை போய், மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பினோம். வழி முழுவதும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். இறங்கியபின், "காற்று நன்றாக இருந்தது" என்றாள். அவ்வளவுதான்.

நம் வண்டிகளுக்கு

ஹெரால்டு நம் எல்லோரிடமும் இல்லை. ஆனாலும் அன்பர்கள் தங்கள் வண்டிகளுக்காகச் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முன் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் படித்துப் பாருங்கள். லாமினேட்டட் என்று இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. குறியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல் பட்டுச் சிறு புள்ளி விழுந்தால் அன்றே ஒரு துண்டு டேப் ஒட்டித் தண்ணீரும் அழுக்கும் புகாமல் காத்து, பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். லாமினேட்டட் கண்ணாடியில் சிறு புள்ளியை ரெசின் விட்டு அடைத்துவிடலாம். வளர்ந்த விரிசலுக்கு வைத்தியம் இல்லை. வெயிலில் நின்ற கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள்.

மழைக்காலத்தில் காரின் தரை விரிப்பு ஈரமாக இருந்தால் கண்ணாடியின் கீழ் மூலைகளைச் சந்தேகியுங்கள். கொச்சியில் வசிக்கும் நமக்குத் துரு என்பது அழைக்காமல் வரும் விருந்தாளி.

இன்றைய கார்களில் கயிறு இழுக்கும் வேலை இல்லை. கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். பல வண்டிகளில் ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடிதான் அதற்கு முதுகு கொடுக்கிறது. ஆகவே தெரிந்த ஆளிடமே கொடுங்கள். பசை காய எத்தனை மணி நேரம் என்று சொல்கிறார்களோ அத்தனை நேரம் வண்டியை எடுக்காதீர்கள். கல்யாணமே இருந்தாலும் சரி.

புதுப்பேட்டைக் கண்ணாடி இப்போது சேட்டன் வீட்டு வரவேற்பறைச் சுவரில், தகப்பனாரின் புகைப்படத்துக்குக் கீழே, மரச்சட்டத்தில் நிற்கிறது. விரிசல் விட்ட கண்ணாடியை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். என் பட்டறை மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன். வைட்டிலாப் பக்கம் வரும் அன்பர்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டையும் காட்டுகிறேன். சாயாவும் உண்டு.